ரவ்ஹியாவின் உடை அறையில் தேங்கிய வெயில்

அலெக்ஸாந்திரியாவின் அஸாஃப்ராவில், கடற்கரைச் சாலைக்கு இரண்டு தெரு உள்ளே, ஆறாவது மாடியில் குடியிருந்த ரவ்ஹியாவின் உடை அறையில் ஒரு மார்ச் மாதக் காலையில் வெயில் கணுக்கால் அளவுக்குத் தேங்கி நின்றது. அந்த அறைக்குச் சன்னல் கிடையாது. நாலு பக்கமும் சுவர், மேலே கான்கிரீட் கூரை, கூரைக்கு மேல் ஒரு செல்போன் கம்பெனியின் கோபுரமும் அதன் இயந்திர அறையும். கதவைத் திறந்த ரவ்ஹியா முதலில் தண்ணீர்க் குழாய் உடைந்துவிட்டது என்றுதான் நினைத்தாள். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, அங்கியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கினாள். கால் நனையவில்லை. வெதுவெதுப்பாக மட்டும் இருந்தது. குனிந்து ஒரு கை அள்ளினாள்; விரலிடுக்கில் வழிந்து, வழிந்த இடத்தில் அலை தட்டியது. அவள் கத்தவுமில்லை, கணவனைக் கூப்பிடவுமில்லை. ஹேங்கரில் தொங்கிய கருப்புக் கோட்டையும் கருநீலக் கோட்டையும் எடுத்து அடுத்தடுத்துப் பிடித்துப் பார்த்தாள். இரண்டு வருஷத்துக்குப் பிறகு இரண்டும் வேறு வேறு நிறமாக இருந்தன. "இப்பதான் கண்ணு தெரியுது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அவள் கணவன் ஷவ்கத் அபுல்அஸ்ம் கட்டிடம் கட்டி விற்கிறவன். நாலு மாடிக்கு அனுமதி வாங்கி ஆறு கட்டுவதும், கட்டி முடித்த பிறகு அபராதத்தோடு சமாதானம் பேசிக்கொள்வதும் அந்த ஊரில் தொழிலாகவே நடந்து வந்தது. அதில் அவன் மற்றவர்களைவிட மோசமானவனும் இல்லை, மேலானவனும் இல்லை. வருஷா வருஷம் நோன்பு மாதத்தில் தெருவில் நீள மேசை போட்டு, வருகிற போகிறவர்களுக்கெல்லாம் நோன்பு திறக்கச் சோறும் கறியும் போடுவான். தெருவே அவனை ஹாஜி என்று எழுந்து நின்று கூப்பிடும். இந்தக் கட்டிடத்தையும் அவன்தான் கட்டினான். கீழே ஐந்து மாடியையும் விற்றுவிட்டு ஆறாவதைத் தனக்கு வைத்துக்கொண்டான். கட்டிடத்தின் நடுவில், அங்கே எல்லாக் கட்டிடத்திலும் இருப்பதுபோல, மேலிருந்து தரைவரை கிணறு மாதிரி ஒரு வெற்றிடம் இறங்கியது. அதற்கு மன்வர் என்று பெயர். வெளிச்சத்தின் இடம் என்று பொருள். எல்லா வீட்டு அடுப்படிச் சன்னலும் அதற்குள்தான் திறக்கும். தரைத்தளத்தில் காவல்காரன் ஷலபியும் அவன் மனைவியும் இருந்த ஒற்றை அறைக்கு அதை விட்டால் வேறு சன்னலே கிடையாது.

மன்வர் வெளிச்சத்துக்கு மட்டும் வழியாக இருக்கவில்லை. ஐந்தாவது மாடியில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுக்கும் தவ்லத் குடியிருந்தாள். அவளும் ரவ்ஹியாவும் குடிவந்த நாளிலிருந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசியது குறைவு, மன்வர் வழியாகப் பேசியதுதான் அதிகம். இவள் தலையை நீட்டிக் கீழே பார்ப்பாள், அவள் தலையை நீட்டி மேலே பார்ப்பாள். கல்யாணம், கருக்கலைவு, மகள்களின் பரீட்சை, மாமியார்களின் சாவு எல்லாம் அந்தக் கிணற்றுக்குள்தான் பேசித் தீர்ந்தன. முலூகியாக் கீரையில் பூண்டுத் தாளிப்பைக் கொட்டும்போது சமைக்கிறவள் 'ஹா' என்று மூச்சை உள்ளே இழுத்தால்தான் கீரை ருசிக்கும். ரவ்ஹியா மறந்துபோனால், வாசனையைப் பிடித்துக் கீழேயிருந்து தவ்லத் அவளுக்காக இழுத்துவிடுவாள்.

ஒரு கல்யாண மண்டபக்காரரின் வீட்டில்தான் ரவ்ஹியா முதன்முதலாக உள்ளே நடந்துபோகிற உடை அறையைப் பார்த்தாள். வரிசை வரிசையாகத் துணிகள், நடுவில் உட்கார ஒரு முக்காலி, ஒரு பக்கம் பெரிய சன்னல், அதில் கடல். திரும்பி வந்து கணவனிடம் வெட்கப்பட்டுக்கொண்டே கேட்டாள். வாழ்க்கையில் அவள் அவனிடம் கேட்டது அதிகமில்லை. அவனும் முகம் சுளிக்காமல் தலையாட்டினான். அந்த இலையுதிர் காலத்தில் தங்கைக்குப் பித்தப்பை அறுவை என்று அவள் தன்தா நகரத்துக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது ஷவ்கத் அவள் கண்ணைக் கையால் பொத்தி அழைத்துப்போய், அடுப்படிக்குப் பக்கத்துச் சுவரில் புதிதாக முளைத்திருந்த கதவைத் திறந்து காட்டினான். வாதுமை மரத்தில் அலமாரிகள், வெள்ளை டைல்ஸ் தரை, செருப்புக்கென்று தனித் தட்டுகள். அவள் அழுதேவிட்டாள். அடுப்படிக்குள் போய், வழக்கம்போலச் சன்னலைத் திறந்து தவ்லத்திடம் சொல்லப் போனபோதுதான் அங்கே சன்னல் இல்லை, பூசிய சுவர் இருந்தது என்று கண்டாள்.

ஷவ்கத் மன்வரின் வாயில் ஒரு தளம் போட்டு அதைத் தரையாக்கியிருந்தான், மேலே ஒரு தளம் போட்டு அதைக் கூரையாக்கியிருந்தான். கூரையின் மேற்புறத்தை அன்றைக்கே செல்போன் கம்பெனிக்கு வாடகைக்கு விட்டுவிட்டான். "வீட்டுக்கு நடுவுல சும்மா கிடந்த ஓட்டை. அதை யாரு பயன்படுத்தினா?" என்றான். ரவ்ஹியா பூசிய சுவரை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். ஆனால் வாதுமை மரத்தின் வாசனை நன்றாக இருந்தது, அவளும் பயணக் களைப்பில் இருந்தாள். மறுநாள் மாடிப்படியில் தவ்லத்தைப் பார்த்து வாயைத் திறக்கும் முன்பே தவ்லத் கேட்டுவிட்டாள்:

"உன் துணியக் காயப்போட ஊருல வேற இடமே கிடைக்கலையா ரவ்ஹியா? எங்க தலைமேலதான் மாட்டணுமா?"

தான் கேட்டது அறைதான், மன்வரை அல்ல என்று ரவ்ஹியா சொல்லியிருக்கலாம். ஊருக்கு முன்னால் மாடிப்படியில் அப்படிக் கேட்டது அவளுக்கு அவமானமாக இருந்தது. பொறாமை என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைப்பது சுலபமாகவும் இருந்தது. அதன்பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

உடை அறையில் ஒரே குறை இருட்டு. ஷவ்கத் விளக்குகள் போட்டான். மஞ்சள் விளக்கில் எல்லாத் துணியும் பழையதாகத் தெரிந்தது, வெள்ளை விளக்கில் எல்லாத் துணியும் மீன்கடைத் துணியாகத் தெரிந்தது. நாத்தனார் வீட்டுத் துக்கத்துக்கு ஒரு காலில் கருப்புச் செருப்பும் ஒரு காலில் கருநீலச் செருப்புமாகப் போய் உட்கார்ந்துவிட்டு, குர்ஆன் ஓதி முடியும்வரை எல்லாப் பெண்களும் தன் பாதத்தையே பார்ப்பதை ரவ்ஹியா கண்டாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, எனக்கு இயற்கை வெளிச்சம் வேண்டும், விளக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஷவ்கத் தன் இன்ஜினியர் வஜ்தியைக் கூட்டி வந்தான். கூரையில் கண்ணாடி வைக்கலாம் என்றான் வஜ்தி. மேலே கோபுரம் நிற்கிறது. குழாய் வைத்து வளைத்துக் கொண்டுவரலாம் என்றான், வளைக்க இடமில்லை. வரவேற்பறையிலிருந்து கண்ணாடிகளில் தட்டித் தட்டிக் கொண்டுவரலாம் என்று ஏழெட்டு நிலைக்கண்ணாடிகளை வாங்கி நிறுத்தினான். வெளிச்சம் முதல் கண்ணாடி வரைக்கும் வந்து நின்றுவிட்டது. ரவ்ஹியாவும் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

பிறகுதான் அந்த மார்ச் மாதக் காலை வந்தது. இரண்டு வருஷம் தாமதித்து ஏன் வந்தது என்பதற்குத் தெருவில் பல கட்சிகள் உண்டு. தினமும் காலையில் பழகிய வழியில் இறங்க வந்து, வழி அடைத்திருப்பதைக் கண்டு, கூரைமேல் காத்திருந்து காத்திருந்து ஒருநாள் பொறுமை போய்க் கான்கிரீட்டைத் துளைத்து இறங்கிவிட்டது என்பது தவ்லத்தின் கட்சி. எப்படியோ இறங்கியது. இறங்கிய வெளிச்சம் கீழே போக வழியில்லாமல் டைல்ஸ் தரையில் நின்றது. சாயங்காலம் வடியவில்லை. மறுநாள் வெளிச்சம் அதன்மேல் இறங்கியது. அந்த வாரக் கடைசியில் ரவ்ஹியா முழங்கால் அளவு வெயிலில் நடந்துபோய் உடுப்பு எடுத்தாள்.

ஷவ்கத்துக்குத் தலைகால் புரியவில்லை. என் வீட்டில் சூரியனைக் கொண்டுவந்து வைத்திருக்கிறேன் என்று காப்பிக்கடையில் சொன்னான். கேட்டவர்கள் சிரித்தார்கள், பிறகு வந்து பார்த்தார்கள், பிறகு சிரிக்கவில்லை. கல்யாண மண்டபக்காரர் மனைவியோடு வந்து, கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு இறங்கி, எந்த ஊர்க் கம்பெனி செய்து கொடுத்தது என்று கேட்டார். ஷவ்கத் ஒரு இத்தாலியப் பெயரைச் சொன்னான். ரவ்ஹியாவுக்கும் அந்த நாட்களில் பெருமையாகத்தான் இருந்தது. இல்லை என்று அவள் பின்னாளிலும் சொன்னதில்லை. முக்காலியில் உட்கார்ந்து, வெயிலுக்குள் காலைத் தொங்கவிட்டு, தேநீர் குடிப்பாள்.

ஆனால் வெயில் ஏறிக்கொண்டே போனது. இடுப்பளவு வந்தபோது கீழ்வரிசைத் துணிகள் வெளுத்துவிட்டன. நிச்சயதார்த்தத்துக்குப் போட்ட ஊதா அங்கி பால் மாதிரி ஆனது. ஷவ்கத்தின் சூட்டுகள் எல்லாம் முட்டியிலிருந்து கீழே வெள்ளை, மேலே பழைய நிறம். கதவுக்கு ரப்பர் பட்டை அடித்தும் விளிம்பில் கசிந்து கூடத்துப் பாயை வெளுத்தது. அந்தச் சமயத்தில்தான் தரைக்கு அடியிலிருந்து இடிக்கிற சத்தம் கேட்க ஆரம்பித்தது. காலையில், சமைக்கிற நேரத்தில், டொக் டொக்கென்று. செருப்புத் தட்டுகள் ஆடின. ஒருநாள் பொறுத்தாள், இரண்டுநாள் பொறுத்தாள். பிறகு இடுப்பில் கைவைத்துக்கொண்டு, இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று ஐந்தாவது மாடிக்கு இறங்கினாள்.

தவ்லத் கதவைத் திறந்தாள். கையில் நீளத் துடைப்பம்.

"என்னடி நெனச்சிட்டிருக்கே? காலங்கார்த்தால என் தரையப் போட்டு இடிக்கறே. அலமாரி ஆடுது, செருப்பெல்லாம் விழுது."

"செருப்பு விழுதா? அடப் பாவமே. உள்ள வா மகாராணி. எங்க நின்னு இடிக்கறேன்னு வந்து பாரு. பாத்து வா, அடுப்படிக்குள்ள கால் வெச்சா உனக்கு உன் கையே தெரியாது."

தெரியவில்லை. ரவ்ஹியா இருட்டைப் பார்த்திருக்கிறாள், ஆனால் இப்படிக் கெட்டியான இருட்டைப் பார்த்ததில்லை. மன்வர் சன்னல் வழியாக அது ஈரக்கம்பளி மாதிரி உள்ளே வந்து, அடுப்படி முழுவதும் படுத்திருந்தது. தவ்லத் குழல்விளக்கைப் போட்டாள். விளக்கு எரிந்தது, ஆனால் அதன் வெளிச்சம் விளக்கைச் சுற்றி ஒரு முழத்தோடு நின்றுவிட்டது. உப்பையும் சர்க்கரையையும் நக்கிப் பார்த்துத்தான் எடுத்தாள் தவ்லத். பருப்பில் கல் பொறுக்க மாடிப்படிக்குப் போவாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை எண்ணெய் கொட்டிய தழும்பு இருந்தது. அதை ரவ்ஹியாவின் விரலைப் பிடித்துத் தடவிக் காட்டினாள், பார்க்க முடியாது என்பதால்.

"விடைத்தாள் திருத்தறது இந்த மேசையிலதான், உனக்குத் தெரியும். போன பருவத்துல நைல் நதி வடக்கேந்து தெற்க ஓடுதுன்னு எழுதினவளுக்கு முழு மார்க் போட்டிருக்கேன். தலைமையாசிரியை கூப்பிட்டு, தவ்லத் அம்மா, உங்களுக்கு ஓய்வு வேணுமான்னு கேக்கறா. எனக்கு ஓய்வு வேணாம்டி. எனக்கு என் சன்னல் வேணும்."

"நகராட்சியில சொல்லலையா?"

"சொல்லலையாவா! அஞ்சு வீடும் சேந்து போனோம். அந்த அதிகாரி கட்டிடத்து வரைபடத்த விரிச்சு, விரல வெச்சுக் காட்டறார். 'இதோ பாருங்கம்மா, மன்வர் இருக்கு. மன்வர் இருந்தா வெளிச்சம் இருக்கும். இருக்கறத இல்லைன்னு புகார் வாங்க முடியாது'ன்னார். நல்ல மனுஷன், டீ கூட வாங்கிக் குடுத்தார்."

ரவ்ஹியா கையால் துழாவிச் சன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்காவது முன்பக்கம் பால்கனி இருக்கு" என்றாள் தவ்லத். "ஷலபி வீட்டப் போய்ப் பாத்தியா? குழந்தை பொறந்ததே உனக்குத் தெரியாதே."

ரவ்ஹியா தரைத்தளத்துக்கு இறங்கினாள். ஷலபியின் மனைவி நஜஃபா, சத்தத்தை வைத்து யாரென்று கண்டுபிடித்து, இருட்டுக்குள்ளிருந்து முக்காலியை நகர்த்திப் போட்டாள். மன்வரை அடைத்த பிறகு பிறந்த குழந்தை அது. ரவ்ஹியா அதை மடியில் வாங்கி, வாசல்பக்கம் கொண்டுவந்து பார்த்தாள். தெற்கு எகிப்தின் நூபியர்களுக்கே உரிய அழகான கருப்பு, அப்பனுக்கும் இருந்தது ஆத்தாளுக்கும் இருந்தது. குழந்தை மட்டும் மூடி வைத்து முளைவிட்ட பயறு போல வெளுத்துக் கிடந்தது. ஆள் முகத்தைப் பார்த்துத் திரும்பவில்லை, ஆள் குரலைக் கேட்டுத் திரும்பியது. கால்கள் அடைப்புக்குறி மாதிரி வளைந்திருந்தன. "தினமும் வெளியில தூக்கிட்டுப் போறேன்மா" என்றாள் நஜஃபா, குற்றம் சாட்டப்பட்டவளைப் போல. "தெருவிலதான் வெச்சிருக்கேன் முடிஞ்சவரைக்கும். உள்ள வந்தா எல்லாத்தையும் இருட்டு உறிஞ்சிருது."

லிஃப்ட் வேலை செய்தது. ரவ்ஹியா படியில்தான் ஏறினாள். ஒவ்வொரு மாடிக்கும் கோபம் ஒரு படி ஏறியது. முதலில் ஷவ்கத் மேல், பிறகு நகராட்சி அதிகாரி மேல், நாலாவது மாடி வரும்போது தன்மேலேயே. ஆறாவது மாடியில் கதவைத் திறந்தால் உடை அறையில் ஷவ்கத் விருந்தாளிகளோடு நின்றுகொண்டிருந்தான், இடுப்பளவு வெயிலில், குளத்தில் பேச நிற்கிறவர்களைப் போல. மண்டபக்காரர் ஒருவர். இன்னொருவர் நகராட்சிக்காரர், சட்டை மடிப்புக் கலையாதவர்.

"ரவ்ஹியா, காப்பி கொண்டா" என்றான் ஷவ்கத்.

"இந்த வெளிச்சம் யாருது ஹாஜி?"

"யாருதா? வீட்டுக்குள்ள இருக்கு, நம்மளுது."

"கீழ அஞ்சு வீட்டு அடுப்படியில இருட்டு பொதி மாதிரி கிடக்கு. தவ்லத் கை வெந்து கிடக்கு. ஷலபி குழந்தைக்குக் கால் வளைஞ்சு போச்சு. அவங்க பங்க எல்லாம் எடுத்து நான் செருப்பு அடுக்கி வெச்சிருக்கேன்."

ஷவ்கத் விருந்தாளிகளைப் பார்த்துச் சிரித்தான். "கேட்டீங்களா? சூரியன்ல பங்காம். நாளைக்குக் காத்துல பங்கும்பாங்க. கட்டினது நான், காசு போட்டது நான். அவங்க வீடு வாங்கினாங்க, ஓட்டைய வாங்கல."

"ஓட்டைன்னு சொல்லாத!" என்றாள் ரவ்ஹியா. முப்பது வருஷத்தில் முதல்முறையாக 'நீங்க' போய்விட்டதை இருவருமே கவனித்தார்கள். "மன்வர்னுதானே எழுதி வித்தே? நோன்புக்கு ஊருக்கெல்லாம் சோறு போடறே. உன் வீட்டுக்குக் கீழ இருக்கறவளுக்கு உப்பு எது சர்க்கரை எதுன்னு தெரியல. நான் இந்தத் தரைய உடைக்கப் போறேன்."

ஆட்கள் முன்னால் ஷவ்கத்துக்கு முகம் சிவந்தது. கீழேயிருந்து அடித்த வெளிச்சத்தில் அது இன்னும் சிவப்பாகத் தெரிந்தது. வலது கையைத் தூக்கி, நிதானமாக, இரண்டு சாட்சிகளின் காதிலும் விழும்படி சொன்னான்: "இந்தத் தரையில ஒரு டைல்ஸ் பேந்தாலும் நீ தலாக். ஆண்டவன்மேல ஆணை."

மண்டபக்காரர் வெயிலைப் பார்த்துக்கொண்டு நின்றார். நகராட்சிக்காரர் காப்பி வேண்டாம் என்று கிளம்பிவிட்டார்.

அதன்பிறகு சில நாட்கள் ரவ்ஹியா எதையும் உடைக்கவில்லை. ஐம்பது கடந்தவள், தாய்வீடு இல்லாதவள், தலாக் என்ற சொல்லை அடுத்த வீட்டுப் பெண்களின் கதையாக மட்டும் கேட்டிருந்தவள். மூத்த மகள் குவைத்திலிருந்து போன் செய்து, "ஒரு ரூமுக்காகவாம்மா அப்பாவ விடுவே?" என்று அழுதாள். "ரூமுக்காக இல்லடி" என்று தொடங்கி, எதற்காக என்று சொல்ல வாய் வராமல் ரவ்ஹியா போனை வைத்துவிட்டாள். அவள் துணி மாற்றப் போகும்போதெல்லாம் வெயில் நெஞ்சுவரை வந்தது. இதமான வெயில். அந்த இதம்தான் அவளுக்குப் பொறுக்க முடியாமல் போனது. ஒவ்வொரு காலையும் யாரோ ஒருவருடைய சோற்றைத் தின்றுவிட்டு எழுந்திருப்பதுபோல வெளியே வருவாள்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஆண்கள் எல்லோரும் தொழுகைக்குப் போன பிறகு, மசாலா இடிக்கும் பித்தளை உலக்கையை எடுத்துக்கொண்டு ஐந்தாவது மாடிக்குப் போனாள். "நீ சன்னல் வழியா கீழேந்து இடி. நான் மேலேந்து இடிக்கறேன்" என்றாள்.

தவ்லத் உலக்கையைப் பார்த்தாள், அவள் முகத்தைப் பார்த்தாள். அந்த ஆணை கட்டிடம் முழுவதற்கும் தெரியும். "வேணாம்டி. துடைப்பத்தால இடிச்சது ஆத்திரத்துல. அதுக்காக உன் குடும்பத்த ஒடைக்கச் சொல்லலை."

"நீ சொல்லி நான் செய்யலை. நகரு, நேரம் இல்லை."

மாடி மாடியாகப் பெண்கள் சன்னல்களைச் சாத்தினார்கள். நஜஃபா குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போனாள். ரவ்ஹியா உடை அறைக்குள் போய், கதவைச் சாத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு வெயிலுக்குள் முங்கினாள். தரையில் மண்டியிட்டபோது தன் கைகள் சிவந்த கண்ணாடி மாதிரி, எலும்பெல்லாம் தெரிய ஒளிர்வதைக் கண்டாள். பள்ளிவாசல் ஒலிபெருக்கி அங்கேயும் கேட்டது. அன்றைய பிரசங்கம் பக்கத்து வீட்டாரின் உரிமைகள் பற்றியது. முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த ஷவ்கத் நல்ல இடங்களில் தலையாட்டிக்கொண்டிருந்தான் என்று பார்த்தவர்கள் பிறகு சொன்னார்கள். உலக்கையை ஓங்கி இறக்கினாள். முதல் டைல்ஸ் பெயர்ந்தது. அதோடு அவள் கல்யாணம் முறிந்தது. வலிக்கும் என்று எதிர்பார்த்து ஒரு கணம் நின்றாள், முழங்கால்தான் வலித்தது. இரண்டாவதை உடைத்தாள்.

டைல்ஸுக்குக் கீழே தளம் அவள் பயந்த அளவுக்குக் கெட்டியாக இல்லை. மனைவியின் அறைக்குக்கூட ஷவ்கத் தன் வழக்கப்படிதான் கலவை போட்டிருந்தான். பாதிக்குமேல் கடற்கரை மணல், அதில் ஒரு முழுச் சிப்பியே இருந்தது. அந்தச் சிப்பியைப் பார்த்ததும் அவளுக்கு அடக்க முடியாமல் ஆத்திரம் வந்தது. அடுத்த அடியில் உலக்கை அந்தப்பக்கம் போய்விட்டது. கீழேயிருந்து தவ்லத்தின் துடைப்பக் காம்பு ஓட்டை வழியாக மேலே வந்து ஆடியது. ரவ்ஹியா அதை எட்டிப் பிடித்தாள். ஒருத்தி மேலேயும் ஒருத்தி கீழேயுமாக அதைப் பிடித்துக்கொண்டு இருந்தபோதே தளம் முனகி, நடுவில் பிளந்து, தூளும் துண்டுமாக மன்வருக்குள் விழுந்தது. ரவ்ஹியா கதவோரத்து அலமாரிக் கம்பியில் தொற்றிக்கொண்டாள். தேங்கியிருந்த வெயில் அத்தனையும் மூட்டையிலிருந்து கோதுமை சரிகிற சத்தத்தோடு அவளைத் தாண்டி இறங்கியது.

பெண்கள் சன்னல்களைத் திறந்தார்கள். ஒவ்வொரு அடுப்படியிலும் இருட்டு கொஞ்ச நேரம் முரண்டு பிடித்தது, பிறகு மூலைகளில் சுருண்டு, கழுவுதொட்டி ஓட்டை வழியாக இறங்கிப் போய்விட்டது. துணிகளிலிருந்து கரைந்த சாயமெல்லாம் அந்த வெளிச்சத்தில்தான் இருந்தது. அதனால் தவ்லத்தின் அடுப்படிச் சுவர் நிச்சயதார்த்த அங்கியின் ஊதா நிறம் பிடித்தது, நாலாவது மாடியில் கருநீலம், மூன்றாவதில் யாருக்கும் நினைவில்லாத ஒரு கோடைச் சட்டையின் மஞ்சள். எத்தனை முறை வெள்ளையடித்தும் அவை போகவில்லை. தரைத்தளத்து அறை நிரம்பி, வாசல் வழியாக வழிந்து, வெளிச்சம் தெருவில் இறங்கிக் கடலைப் பார்த்து ஓடியது. தொழுகை முடிந்து வெளியே வந்த ஆண்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அதில் நடந்தார்கள். ஷவ்கத் பள்ளிவாசல் படியில் நின்று, தன் காலடியில் ஓடுவது என்னவென்று பார்த்தான். தனக்கு மனைவி இல்லை என்பது அந்தப் படியிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

அவன் சமாதானத்துக்குப் பார்த்தான். டைல்ஸை அவள் உடைத்தாளா, வெயிலின் பாரம் உடைத்ததா என்று ஒரு ஷேக்கிடம் போய்க் கேட்டான். ஷேக், தரையில் என்ன அளவு வெயில் நின்றது, எத்தனை காலம் நின்றது, கீழே யார் குடியிருந்தார்கள் என்றெல்லாம் விசாரித்துவிட்டு, உலக்கைதான் உடைத்தது என்று சொல்லிவிட்டார். தலாக்குக்குப் பிறகான மூன்று மாதத் தவணைக்குள் மனைவியைத் திரும்ப அழைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். ஷவ்கத் வந்தான். ரவ்ஹியா காப்பி போட்டுக் கொடுத்தாள்.

"தரைய மட்டும் திரும்பப் போட்டுக்கலாம். சின்னதா. கண்ணாடியில வேணும்னாலும் போட்டுக்கலாம்" என்றான்.

"காப்பி ஆறுது, குடிச்சிட்டுக் கிளம்பு" என்றாள் அவள்.

கிளம்பத்தான் வேண்டியிருந்தது. அனுமதி இல்லாமல் எழுப்பிய மாடிகளின் வழக்கு தன்மேல் வரக்கூடாது என்று அந்த வீட்டை எப்போதோ அவள் பேரில் எழுதிவைத்திருந்தான். வழக்கும் அவள் பேரில்தான் வந்தது. மன்வரை மூடியதற்கு யாரும் வழக்குப் போட்டதில்லை. அனுமதியில்லாமல் திறந்ததற்குப் போட்டார்கள். அதை வாசித்தபோது ரவ்ஹியாவுக்கு வந்த கோபத்தில் அவள் நகராட்சிக்கு லிஃப்ட், பஸ் எதுவும் இல்லாமல் நடந்தே போனாள், பின்னால் தவ்லத், அவளுக்குப் பின்னால் குழந்தையோடு நஜஃபா. முன்பு தவ்லத்தின் புகாரை வாங்க மறுத்த அதே அதிகாரி வரைபடத்தை விரித்தார். வரைபடத்தில் மன்வர் திறந்தே இருந்தது. எப்போதும் திறந்திருந்ததை எப்படித் திறக்க முடியும் என்று தவ்லத் பூகோள டீச்சர் குரலில் கேட்டாள். அவர் நீண்ட நேரம் யோசித்து, வழக்கை மூடிவிட்டு, மூவருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். ரவ்ஹியா அதைக் குடிக்கவில்லை.

ஷவ்கத் மர்சா மத்ரூஹ் பக்கம் போய் அங்கே கட்டிடம் கட்டிக்கொண்டிருக்கிறான். கன்னத்தில் ஒரு மாதிரியான வெளுப்பு விழுந்திருக்கிறது என்றும், ஊரே தூக்கி வைத்துப் பேசுகிற நோன்பு மேசையை அங்கேயும் போடுகிறான் என்றும் சொல்கிறார்கள். ரவ்ஹியா தன் துணிகளைக் கூடத்துச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கிறாள். எல்லாம் வெள்ளை. அதனால் தெருவில் புதிதாக வந்தவர்கள் ஹஜ்ஜுக்குப் போய்வந்தவள் என்று நினைத்து எழுந்து வழிவிடுகிறார்கள். நஜஃபாவின் குழந்தை முதல் நாட்களில் வெளிச்சத்தைக் கண்டு இமைக்காமல் கிடந்தது, பிறகு அழுதது, பிறகு தன் கையைப் பார்த்து விளையாடத் தொடங்கியது. கால் நிமிர இரண்டு வருஷம் பிடித்தது, அதுவும் முழுதாக நிமிரவில்லை. அதைப் பார்க்கும்போது மட்டும் ரவ்ஹியா பேச்சை நிறுத்திவிடுவாள்.

உடை அறையின் கூரையை யாரும் உடைக்கவில்லை. அது இன்னும் அப்படியே, ஒரு விரிசல்கூட இல்லாமல் மூடிக்கிடக்கிறது. அதன்மேல் கோபுரமும் நிற்கிறது. காலையில் வெளிச்சம் அதன் வழியாக இறங்கி, ஆறு மாடியையும் தொட்டுத் தரைக்குப் போகிறது, மாலையில் ஏறிப் போகிறது. குளிர்காலப் புயல் நாட்களில் கொஞ்சம் தாமதமாக வரும். போன வருஷம் மூன்றாவது மாடிக்கு வாடகைக்கு வந்த ஒரு புதுப்பெண், அடுப்படிச் சன்னல் வழியாக அண்ணாந்து பார்த்துவிட்டு, கூரை மூடியிருக்கிறதே, வெயில் எங்கிருந்து வருகிறது என்று பொதுவாகக் கேட்டாள். மற்ற சன்னல்களில் பெண்கள் கத்தரிக்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. மேலேயிருந்து தவ்லத்தான் பதில் சொன்னாள், கேள்வியே புரியாதவள் போல.

"அது எங்க வெளிச்சம்மா. வேற எங்க போகும்?"